திராட்சை விலக்கிய வீடு

என் உடம்பில் இப்போது வேலை செய்வது என் மனைவியின் கிட்னி. என்னுடைய இரண்டும் கெட்டுப்போய் அவை பாட்டுக்கு உள்ளே கிடக்கின்றன. அவற்றை எடுக்க வேண்டியதில்லையாம். புதியதை வலப்பக்கம் அடிவயிற்றில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கையை வைத்தால் மேடாகத் தட்டுப்படும்.

"என் சாமான் எப்படி இருக்கு?" என்று காலையில் கேட்பாள்.

"இருக்கு."

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"உங்களுக்காகக் கேக்கல. அதுக்காகக் கேக்கேன்."

எங்களுக்குப் பொழுது இப்படித்தான் விடியும்.

இருப்பது கல்கத்தாவில், டாக்குரியா ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து முனையில் எங்கள் டிபன் கடை. இட்லி, தோசை, வடை. ஞாயிற்றுக்கிழமை கேசரி. தென்காசிப் பக்கம் சொந்த ஊர். பிழைக்க வந்தேன், பிழைத்தேன், இருந்துவிட்டேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவள் பத்தாவது. அந்தப் பத்தாவதால் வந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். வங்காளி. நல்ல மனுஷர். ஆனால் பேச்சு ரயில் மாதிரி ஓடும். உடம்புக்குப் புதுக் கிட்னி அன்னியம், அடிக்கப் பார்க்கும் என்றார். அடிக்கவிடாமல் உடம்பைப் பிடித்து வைக்கத்தான் மாத்திரை. மாத்திரை ரத்தத்தில் குறைந்தால் உடம்பு கிட்னியை அடிக்கும். கூடினால் மாத்திரையே கிட்னியை அடிக்கும். நடுவில் நிறுத்த வேண்டும். காலையும் ராத்திரியும் நேரம் தப்பக் கூடாது. வெளித் தண்ணீர் கூடாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஆர் ஷுனுன். கிரேப்ஃப்ரூட் ஏக்தொம் நா."

அடியோடு கூடாது என்கிறார் என்பது வரைக்கும் புரிந்தது. எது கூடாது என்பது புரியவில்லை. லிஃப்டில் இறங்கும்போது கேட்டேன்.

"கடைசில என்னமோ வேண்டாம்னாரே, என்னது அது?"

"கிரேப்புன்னா திராட்சை. ஃப்ரூட்டுன்னா பழம். திராட்சைப் பழம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை. இதுகூடத் தெரியாமதான் கல்கத்தால இத்தன வருஷம் இருந்தீகளாக்கும்."

தெரியாதுதான்.

அன்றோடு எங்கள் வீட்டில் திராட்சை போயிற்று. பச்சை, கறுப்பு, உலர்ந்தது, எல்லாம் போயிற்று. கடைக் கேசரியிலும் போடவில்லை. ஒரே கரண்டி, ஒரே கை, ஏதாவது ஒட்டிவிடும் என்று அவளுக்குப் பயம். முந்திரி மட்டும் போட்டாள். வங்காளிகளுக்குக் கிஸ்மிஸ் இல்லாத இனிப்பு இனிப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் கிண்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

"ஆன்னா, கிஸ்மிஸ் கோய்?"

அண்ணா, உலர்திராட்சை எங்கே என்று கேள்வி. அடுப்பிலிருந்து இவள் பதில் சொல்வாள்.

"டாக்டர் வேண்டாம்னுட்டாரு!"

தங்கள் கிஸ்மிஸை எந்த டாக்டர் நிறுத்தினார் என்று தெரியாமல் அவர்கள் முழிப்பார்கள். ஒரு பேங்க் பாபு, தனக்குச் சர்க்கரை இருப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போனால் திராட்சை வண்டி வரும் இடத்தில் என் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்துவிடுவாள், அங்கே நாய் கட்டியிருக்கிறது என்கிற மாதிரி. பூஜைப் பிரசாதம் யார் கொடுத்தாலும் முதலில் அவள் கைக்குப் போகும். திராட்சையைப் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை எனக்குத் தருவாள்.

"உனக்கு மட்டும் ஆகுமா?"

"நான் குடுத்தவ. வாங்குனவனுக்குத்தான் சட்டம்."

மாத்திரை தன் வேலையைக் காட்டியது. முதலில் முகம். வீங்கி உருண்டு, கண் உள்ளே போய், பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்த மாதிரி ஆனேன். டயாலிசிஸ் காலத்தில் கறுத்து வற்றிக் கிடந்தவன். பார்க்கிறவர்கள் எல்லாரும், "ஷோரீர் பாலோ ஹொயெச்சே", உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆயுளில் முதல் தடவையாக நான் பார்க்க நன்றாக இருக்கிறேன் என்று நாலு பேர் சொன்னது அப்போதுதான். மறுக்கவில்லை.

அடுத்தது பசி. சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தால் பசிக்கும். விற்றுப்போகாத வடை ஒன்று மிஞ்சுவதில்லை. "கடைக்கு முதல் கிராக்கியும் நீங்கதான், கடைசிக் கிராக்கியும் நீங்கதான்" என்பாள்.

மூன்றாவது கை நடுக்கம். லேசாகத்தான், பஸ் இன்ஜின் நிற்காமல் ஓடுகிற மாதிரி. தட்டில் சோறு அள்ளத் தடையில்லை. தோசைக்குத்தான் தடை. மாவை ஊற்றி வட்டம் இழுத்தால் ஓரம் அலை அலையாக வரும். காலேஜ் பிள்ளைகள், "ஆன்னா, டிசைன் தோஷா ஏக்டா" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். மனைவி வட்டமாக ஊற்றியதை வேண்டாம் என்று ஒருத்தி திருப்பிக் கொடுத்தாள். எனக்குப் பெருமைதான்.

நாங்கள் குடியிருப்பது ஒரு பௌதியின் வீட்டு மாடியில். பௌதி என்றால் அண்ணி. கீழே அவர் மட்டும் இருக்கிறார். புருஷன் இல்லை, பிள்ளை பெங்களூரில். என் மனைவி கிட்னி கொடுத்ததிலிருந்து பௌதிக்கு அவள் மேல் ஒரே பிரியம். சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். "என் வீட்டு மாடியில் இருக்கிறாளே, அவள்தான்" என்பார். அவரே கொடுத்த மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு.

வீட்டுக் கொல்லையில் ஒரு பாதாபி லேபு மரம். நம்மூரில் பம்பளிமாஸ் என்பார்கள். தலையளவு பழம், தடித்த பச்சைத் தோல், உள்ளே ரோஸ் நிறச் சுளை. மழை ஓய்கிற சமயத்தில் மரம் தாங்காமல் காய்க்கும். பௌதி தோலும் நாரும் நீக்கிச் சுளையை உதிர்த்து, உப்பு, பச்சை மிளகாய், இரண்டு சொட்டுக் கடுகெண்ணெய் போட்டுப் பிசைந்து, மூடி போட்ட டப்பாவில் மாடிக்குக் கொண்டுவந்தார். என்னைத் தாதா என்பார், அண்ணன் என்று அர்த்தம்.

"தாதா, காய்ச்சல், சளி ஒன்னும் வராது. சாப்பிடுங்க."

என் மனைவி டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள்.

"பௌதி, இதுல ஆங்குர் இல்லையே?"

ஆங்குர் என்றால் திராட்சை.

"இது லேபு. இதில் எங்கே ஆங்குர்?"

"அப்ப சரி" என்று என்னிடம் கொடுத்தாள்.

புளிப்பு அவளுக்கு ஆகாது. ஆகையால் முழு டப்பாவும் எனக்கு. மாத்திரைப் பசிக்கு அந்தப் புளிப்பும் காரமும் அப்படி இறங்கியது. காலி டப்பாவைப் பார்த்துப் பௌதி பூரித்துப் போனார். மறுநாளும் கொண்டுவந்தார். அதற்கு மறுநாளும். கேட்டு வாங்கவும் ஆரம்பித்தேன். நாலு வார்த்தை பேசாத ஆள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பௌதி, லேபு?" என்று கேட்கிறான் என்று என் மனைவி சிரிப்பாள்.

அப்புறம் கை வேறு மாதிரி ஆட ஆரம்பித்தது. காபி டம்ளர் வாய்க்கு வருவதற்குள் பாதி சட்டையில் இருந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. உள்ளங்கால் எரிந்தது. தலை கனத்தது. தோசைக்கல் பக்கம் போகாதீர்கள் என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். டிசைன் தோசைக்கு வந்தவர்கள் வட்டத் தோசை தின்று போனார்கள்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பேச்சைக் குறைத்தார். ரயில் நின்றதும் எனக்கு விளங்கிவிட்டது.

"கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. இதுவரை இல்லாத ஏற்றம். உடம்பு கிட்னியைத் தள்ளப் பார்க்கிறதோ என்னவோ. இன்றைக்கே சேருங்கள். ஊசி விட்டுக் கிட்னியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்."

என் மனைவி என்னிடம் தமிழில் கேட்டாள்.

"போயிருமா?"

"தெரியல."

"அவருகிட்ட கேளுங்க."

"நீ கேளு."

இரண்டு பேரும் கேட்கவில்லை.

எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய யோசனை இல்லை. டயாலிசிஸும் தெரிந்த இடம்தான், மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் விலாப்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. மழைக்காலத்தில் அரிக்கிறது என்பாள். அவள் கொடுத்ததை நான் தொலைத்துவிட்டால் அந்தத் தழும்புக்கு என்ன சொல்வது? அது ஒன்றுதான் எனக்கு.

துர்க்கா பூஜைச் சமயம். ஆஸ்பத்திரிக்கு வெளியே எங்கேயோ டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. வார்டில் பாதிக் கட்டில் காலி. முடிந்தவர்கள் எல்லாரும் சண்டை போட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, கீழ கேண்டீன்ல போய்ச் சாப்பிட்டு வா."

"பசிக்கல."

"மத்தியானமும் பசிக்கல."

"அது நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் சாப்பிடுதேன்."

சாமான் என்று சொல்லவில்லை. அது என்றாள். அவள் கிண்டல் செய்யாததுதான் எனக்கு ஊசியைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் டாக்டர் வேகமாக வந்தார். கையில் ஒரு காகிதம். ஊசி போட வருகிறார் என்று சட்டையைத் தூக்கினேன்.

"சட்டையை விடுங்கள். எத்தனை மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"நீங்க சொன்னதுதான்."

"உங்கள் ரத்தத்தில் மாத்திரை அளவு எக்கச்சக்கமாக இருக்கிறது. ஒருத்தருக்குக் கொடுப்பதை மூன்று பேர் சாப்பிட்ட மாதிரி. மறந்துபோய் இரண்டு தடவை போட்டீர்களா?"

இவள் எழுந்துவிட்டாள். "நான் என் கையால எடுத்துக் குடுக்கேன். ஒன்னு கூடாது, ஒன்னு குறையாது."

அவசரத்தில் தமிழிலேயே சொன்னாள். அவருக்கு எப்படியோ புரிந்தது.

"வேறு டாக்டர் மருந்து? படைக்கு, பூஞ்சைக்கு ஏதாவது? கவிராஜ் வைத்தியர் கஷாயம்?"

இல்லை, இல்லை, இல்லை.

"கிரேப்ஃப்ரூட்?"

அவ்வளவுதான். பத்தாவது படித்தவளுக்கு வந்ததே கோபம்.

"கிரேப்பா? கிஸ்மிஸ் கூட நேஹி! கேசரியில் நேஹி! பிரசாதத்தில் நேஹி! வியாபாரத்தையே கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், கிரேப்பாம்!"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"கிஸ்மிஸ் எதற்கு விட்டீர்கள்?"

அந்த நேரம் பார்த்துப் பௌதி உள்ளே வந்தார். பூஜைக்கு எடுத்த புதுப் புடவை, சிவப்புக் கரை. முகத்தில் மாஸ்க். கையில் மூடி போட்ட டப்பா. டாக்டரைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆனால் கடுகெண்ணெய் வாசனையை எங்கே ஒளிப்பது?

"அதென்ன?"

"ஒன்றும் இல்லை, டாக்தார்பாபு. நம் வீட்டு மரத்துப் பாதாபி லேபு. இவருக்கு உயிர். தினமும் சாப்பிடுவார்."

டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார்.

"தினமுமா?"

"ரெண்டு வேளை" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

அப்புறம் சொன்னார். கிரேப்ஃப்ரூட் என்பது திராட்சை இல்லை. அது வேறு பழம், வெளிநாட்டு நாரத்தை வகை. இங்கே யாரும் தின்பதில்லை, படித்த புத்தகத்தில் இருக்கிறது என்பதால் எல்லாரிடமும் சொல்வேன் என்றார். அதற்குப் பெரியண்ணன் இந்தப் பாதாபி லேபு. இரண்டும் ஒரே குணம். மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்ற விடாது, ரத்தத்திலேயே தேக்கி வைக்கும். தேங்கிய மாத்திரைதான் கையை ஆட்டியது. அதுதான் கிட்னியையும் அடித்தது.

"திராட்சை?" என்று இவள் மெல்லக் கேட்டாள்.

"திராட்சை தாராளமாகச் சாப்பிடலாம்."

முதலில் நர்ஸ் சிரித்தாள். பிறகு டாக்டர். எதிர்க் கட்டில்காரர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"கிரேப்புன்னா திராட்சை" என்றேன்.

"பேசாம இருங்க."

"ஃப்ரூட்டுன்னா பழம்."

"பேசாம இருங்கன்னு சொன்னேன்லா."

பௌதி மட்டும் சிரிக்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே கண் நிறைந்து வழிந்தது. விஷம் கொடுத்துவிட்டேனே, மரத்தை வெட்டிப் போடுகிறேன் என்று ஆரம்பித்தார். எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"பௌதி, பழம் நல்ல பழம். மாத்திரைக்குத்தான் ஆகல. மரம் இருக்கட்டும். தின்ன ஆளா இல்ல?"

டாக்டர் அதற்குள் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டிருந்தார்.

"தாருண்" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். இன்னொன்றும் எடுத்தார். "இனிமேல் என் நோயாளிகளுக்கு இதன் பெயரைத்தான் சொல்வேன்" என்றார். டப்பா அவரோடு போயிற்று. பௌதிக்கு அதில் கொஞ்சம் மனம் ஆறியது.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. சிரித்து முடித்ததும் டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போனார். மாத்திரையை நிறுத்தி வைப்போம். ஊசி இப்போதைக்கு வேண்டாம். அளவு இறங்கும்போது கிட்னியும் சரியானால் நல்லது. சரியாகவில்லை என்றால், அடி ஆழமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

காத்திருந்தோம். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். இவள் நாற்காலியைவிட்டு நகரவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். எனக்குத் தெரிந்து அவள் சாமியிடம் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. அப்போதும் கேட்டதாகத் தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி என் வயிற்றின் வலப்பக்கம் போர்வைக்கு மேல் கையை வைத்திருந்தாள். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். நாங்கள் பிள்ளை பெற்றதில்லை.

நடுக்கம் குறைவது முதலில் எனக்குத்தான் தெரிந்தது. டம்ளரை எடுத்தேன், தண்ணீர் சிந்தவில்லை. அவளிடம் நீட்டிக் காட்டினேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ எடுங்க."

எடுத்தேன்.

"குடிங்க."

குடித்தேன். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

அஷ்டமி அன்று டாக்டர் குர்தா போட்டுக்கொண்டு வந்தார். பூஜைக்குப் போகிற வழியில் எனக்காக வந்திருக்கிறார். நாற்காலிக்குப் போகவில்லை, நின்றபடியே சொன்னார்.

"இறங்கிவிட்டது. பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கிட்னிக்கு ஒன்றும் இல்லை. போங்கள், வீட்டுக்குப் போங்கள். பூஜை நாளில் என் முகத்தையா பார்த்துக்கொண்டிருப்பீர்கள்?"

நான் கைகூப்பினேன். இவள் கூப்பவில்லை. "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவர் காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் அந்த எண்ணைப் படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

டாக்ஸியில் ஏறினோம். கரியாஹாட் வரைக்கும் வந்தது. அதற்குமேல் நகரவில்லை. ஊரே ரோட்டில் நின்றது. விளக்கு, மேளம், புதுச்சட்டைக் கூட்டம். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, இனி அம்மா விட்டால்தான் வண்டி போகும் என்றார். துர்க்கையைச் சொல்கிறார். நான் மாஸ்க்கைச் சரிசெய்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க."

"ம்."

"பசிக்கி."

சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் ஓரமாக ஒரு புச்காக்காரர் மூங்கில் ஸ்டாண்டில் கூடையை வைத்து நின்றார். நம் பானிபூரியை இங்கே புச்கா என்பார்கள். அவள் கதவைத் திறந்து இறங்கிப் போனாள். இலைத் தொன்னையை வாங்கிக்கொண்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பூரியை உடைத்து, கிழங்கை அடைத்து, புளித்தண்ணீரில் முக்கித் தொன்னையில் வைப்பார். வைத்த கை எடுப்பதற்குள் அது இவள் வாயில் இருக்கும். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். இவளுக்குப் புளிப்பு ஆகாது. நினைவிருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கன்னம் உப்ப, கண்ணில் தண்ணீர் வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தின்றாள். புச்காக்காரரே பயந்துபோய், "போதுமா, தீதி?" என்று கேட்டார். போதாது என்று தலையை ஆட்டினாள்.

ஒருவழியாகப் போதும் என்று கையைக் காட்டினாள். காசு கொடுத்தாள். ஆனால் நகரவில்லை. தொன்னையை நீட்டியபடி நின்றாள்.

"தாதா, ஃபாவ்!"

ஃபாவ் என்றால் கொசுறு. காசுக்குத் தின்று முடித்த பிறகு சும்மா ஒன்று தருவார்கள். கல்கத்தாவில் அதை வாங்காமல் யாரும் போவதில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஒன்று வைத்தார்.

அதை அங்கே தின்னவில்லை. கையால் மூடிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி டாக்ஸிக்கு வந்தாள். கண்ணாடியைத் தட்டினாள். கொஞ்சம் இறக்கினேன்.

"எனக்கா?" என்றேன்.

"உங்களுக்கு எப்படி? வெளித் தண்ணி ஆகாதுலா?"

"பிறகு ஏன் கொண்டுவந்த?"

"நீங்க பாக்கதுக்கு."

என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து முழுசாகப் போட்டுக்கொண்டாள்.